யாரும் தொடாத ஹெலிகேம்

கயத்தாறு
3 மார்ச் 2025

திருமதி நாகஜோதி அவர்களுக்கு,

அழகுபாண்டி எழுதுவது. நீங்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டதால் தாளில் எழுத வேண்டியதாகிவிட்டது. நலம் விசாரிக்க எழுதவில்லை. மச்சானுக்கு நெற்றித் தையல் பிரித்தாயிற்றா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் வீடியோ எடுக்கப் போன செக்கானூரணிக் கல்யாணத்தில் நடந்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்னை யாரும் சொல்ல விடவில்லை. பெண்ணழைப்பு ஊர்வலம் மண்டபத்து வாசலுக்கு வந்த நேரம். பொழுது அடைந்து, விளக்கெல்லாம் போட்டாயிற்று. ஹெலிகேமைத் தென்னைமர உயரத்துக்கு ஏற்றி, நின்ற இடத்திலேயே நிற்கிற மோடில் போட்டேன். ஜிபிஎஸ் பிடித்துக்கொள்ளும் என்று ரிமோட் குச்சிகளில் இருந்து இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டேன். அது தானாக நகர்ந்தது. யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி அலங்கார வளைவுப் பக்கம் போனது. நான் குச்சியைத் திரும்பப் பிடிப்பதற்குள் சீரியல் லைட்டில் மாட்டி, கீழே நின்ற மச்சான் நெற்றியில் விழுந்துவிட்டது.

ஓடிவந்தீர்கள். ரத்தத்தைப் பார்த்தீர்கள். "குடிச்சுட்டா பறக்க விட்ட?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டீர்கள். பெண்ணின் அப்பா முத்திருளன் அதையே பிடித்துக்கொண்டு "குடிகாரப் பயலை எதுக்குக் கூட்டியாந்தீக?" என்றார். ஊரே சொன்னது.

உங்கள் பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்றேன். அதற்கப்புறம் தொடவில்லை. இங்கே காற்றாலைகளின் இறக்கைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று கம்பெனி ஹெலிகேமில் படம் பிடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. திரும்பி வருகிற எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஹெலிகேமைக் கட்டியது நீங்கள். சரிசெய்கிறபோது, தானாக நகர்கிறதா என்று ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். அது போதும்.

நான் குடிக்கலக்கா.

அழகுபாண்டி

*

அவனியாபுரம்
8 மார்ச் 2025

அடேய் அழகு,

'திருமதி'யாம், 'அவர்களுக்கு' வேறு! பேங்கில் இருந்து வந்த நோட்டீஸ் என்று நினைத்து உன் மச்சான் கவரைப் பிரிக்கவே பயந்தார். உனக்கு உடம்பெல்லாம் ரோஷம்.

தையல் பிரித்தாயிற்று. புருவத்துக்கு மேல் தழும்பு நிற்கும் என்கிறார்கள். "மாப்ள கொடுத்த மொய்"னு எல்லோரிடமும் காட்டிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்த நேரத்தில் நான் என்ன யோசித்துப் பேசுவேன்? நீ குடிக்கிற ஆளே இல்லை என்று நினைக்கிற மாதிரியா பாப்பா பிறப்பதற்கு முந்தைய வருசங்களில் நடந்துகொண்டாய்?

நீ போன மறுவாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். தங்கப்பொண்ணு என்று நம்ம அம்மா பேரை வைத்திருக்கிறோமே, அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தது. மாமன் எங்கே என்று ஊர் கேட்டது. நான் நம்ம கருப்பு கோயிலுக்கு நேர்ந்து, கையில் இரும்புக் காப்பு போட்டிருக்கிறேன். பாப்பாவுக்குக் காது குத்துகிற அன்றைக்குத்தான் கழற்றுவேன். சித்திரை முதல் வாரத்தில் நாள் பார்த்திருக்கிறது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சித்தப்பா மகன் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. உன் காதுக்கு எட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டாயே. உடைந்த கையை மாற்றி, விசிறி புதிதாகப் போட்டு, திசை பார்க்கிற காம்பஸைத் திரும்பப் பழக்கி, உன் மச்சானையும் கூட்டிக்கொண்டு கருமாத்தூர் பக்கம் அறுத்த வயலுக்குப் போனேன். ஏர்போர்ட் பக்கத்தில் இருந்துகொண்டு பட்டறை வாசலில் பறக்கவிட முடியாதே! காலை நேரம், நல்ல வெளிச்சம், காற்றே இல்லை. நிறுத்தினால் வட்டம் போடுகிறது. முதலில் முறம் அளவு, அப்புறம் களம் அளவு. சுற்றிக்கொண்டே பெரிதாகிறது. நீ கீழே போட்டதில் உள்ளே எது கலங்கியதோ.

நாகஜோதி

*

கயத்தாறு
12 மார்ச் 2025

அக்கா,

பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? காய்ச்சல் என்று யாருமே சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

சித்தப்பா மகன் மடியில் வைக்கிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல என்ன இருக்கிறது? குடிகாரன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தினார்கள் என்று நாளைக்கு அவளுக்கு ஒரு பேச்சு வேண்டாம்.

வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது கீழே விழுந்ததால் வந்தது இல்லை. சுற்றிச் சுற்றிப் பெரிதாகிற வட்டம் என்றால் காம்பஸுக்கு வடக்கு எது என்று தெரியவில்லை. ஜிபிஎஸ் "கிழக்கே ஒதுங்கிட்ட, மேற்கே வா" என்கிறது. மேற்கு எது என்று தவறாகத் தெரிந்தவன் வடமேற்கே போகிறான். மறுபடி திருத்துகிறான், மறுபடி தப்பு. அதுதான் சுற்று.

காம்பஸைப் பழக்கும்போது ஹெலிகேமைக் கையில் தூக்கி எல்லாப் பக்கமும் திருப்பினாய் அல்லவா? எந்தக் கை? கையில் இரும்புக் காப்பு கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பூமியின் காந்தத்தைத் தேடுகிற காம்பஸுக்குப் பக்கத்தில் அம்புட்டு இரும்பைக் கொண்டுபோய்க் காட்டினால் அது வேறென்ன செய்யும்? கழற்று என்று சொல்ல மாட்டேன், நேர்த்தி அது. மச்சானைத் திருப்பச் சொல்லு. அவர் அரைஞாணில் கோத்திருக்கிற சாவிக்கொத்தையும் எடுத்துவிட்டுத் திருப்பச் சொல்லு.

அழகு

*

அவனியாபுரம்
18 மார்ச் 2025

அழகு,

பாப்பா எழுந்து ஓடுகிறாள். நேற்று என் சால்டரிங் ஈயத்தை எடுத்துக் கொலுசு மாதிரி காலில் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். என்னத்தைச் சொல்ல!

உன் மச்சான் திருப்பினார். கரகாட்டம் ஆடுகிற மாதிரி வயலில் நின்று அவர் இயந்திரத்தைத் தூக்கித் திருப்பியதைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஏற்றி நிறுத்தினோம். அழகு, அது நின்றது. அந்தரத்தில் ஆணியடித்து மாட்டிய மாதிரி நின்றது. நானே கட்டியதுதான், ஒவ்வொரு ஒயரும் எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகள், கருமாத்தூர் வயலுக்கு மேலே ஒரு இடத்தைக் காட்டி "இங்கேயே நில்லு" என்று சொல்கின்றன, இதுவும் கேட்டுக்கொண்டு நிற்கிறது என்றால்! வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. செக்கானூரணி அன்றைக்கு என் கையில் காப்பு கிடையாது. காப்பு போட்டது பாப்பா காய்ச்சலுக்குப் பிறகு. அப்படியென்றால் அன்றைக்கு இயந்திரம் சுத்தமாக இருந்திருக்கிறது. இயந்திரம் சரி என்றால் தப்பு யார் மேல்? உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று பார்த்தால், நீயே உன் வாதத்தை உடைத்துவிட்டாய் என்று எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை பாதி எழுதியும் விட்டேன்.

எழுதிய தாளைக் கிழித்துப் போட்டதற்குக் காரணம் முந்தாநாள் சாயங்காலம். கேமராவுக்கு இருட்டில் வெளிச்சம் எப்படி என்று பார்க்க அதே வயலுக்குப் போனேன். சூரியன் இறங்கி முகம் தெரியாத நேரம். ஏற்றி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சுற்றவில்லை, அழகு. நகர்ந்தது. கயிறு கட்டி இழுத்த மாதிரி என்று நீ எழுதினாயே, அதேதான். புளியமரத்துப் பக்கம் சரசரவென்று போனது, நின்றது, திரும்பியது, வேறு பக்கம் தாவியது. ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். குச்சியைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன்.

இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். உன் மச்சான் மட்டும், "மாப்ள சொன்னது இதைத்தான?" என்றார். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜிபிஎஸ் பெட்டியையே மாற்றிப் பார்த்தேன். ஒயர், பேட்டரி, விசிறி அதிர்வு எல்லாம் பார்த்தாயிற்று. காலையில் ஆணி மாதிரி நிற்கிறது. பொழுது சாய்ந்தால் பேய் பிடிக்கிறது. எனக்குப் புரியவில்லை.

நாகஜோதி

*

கயத்தாறு
22 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதத்தை இங்கே காற்றாலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து படித்தேன். 'குச்சியைத் தொடவே இல்லை' என்கிற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷமா அழுகையா என்று தெரியவில்லை. நீயாவது பார்த்தாயே.

புதிதாகக் காற்றாலை நடப் போகிற நிலத்தை அளக்க சர்வேயர் ஒருவர் வந்திருக்கிறார். தமிழ்ச்செல்வி என்று பெயர், வாடிப்பட்டிக்காரர். முக்காலியில் பெரிய ஜிபிஎஸ் கருவி வைத்து அளக்கிறவர். பங்குனியில் பொழுது சாய்ந்ததும் மூட்டை கட்டிவிடுவார். நம்ம ஹெலிகேம் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மேலே கையைக் காட்டினார். "மேல உலை கொதிக்கிது தம்பி. உங்க மிஷினு பாவம், என்ன செய்யும்?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். சாட்டிலைட்டுக்கும் நமக்கும் நடுவே, மேகத்துக்கெல்லாம் ரொம்ப மேலே, காற்று முடிந்துபோகிற இடத்தில் ஒரு அடுக்கு இருக்கிறது. பகலெல்லாம் வெயில் அதைக் காய்ச்சி மின்சாரம் ஏற்றிவைக்கிறது. சூரியன் விழுந்ததும் அந்த அடுக்கின் அடிப்பக்கம் முதலில் லேசாகிவிடுகிறது. கனமானது மேலே, லேசானது கீழே. லேசானது சும்மா கிடக்குமா? குமிழி குமிழியாகக் கிளம்பி மேலே போகிறது. அதற்குள் நுழைந்து வருகிற சாட்டிலைட் சிக்னல் நெளிந்து, தேய்ந்து, அறுந்து வருகிறது. கிணற்றடியில் கிடக்கிற காசு நெளிவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா? காசு கிடந்த இடத்திலேயேதான் கிடக்கும், நெளிவது தண்ணீர். நம்ம ஹெலிகேம் நெளிகிற காசைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லையாம். பூமியின் காந்தம் மேலேயும் பார்க்காமல் கீழேயும் பார்க்காமல் நேராகப் படுத்துக்கிடக்கிற கோடு ஒன்று நம்ம தென்கோடி வழியாகப் போகிறது. அதனால்தான் நம்ம பக்கம் இந்தக் கொதிப்பு. வருசத்தில் பகலும் ராத்திரியும் சமமாக இருக்கிற பருவத்தில் அதிகம். சூரியன் உக்கிரமாக இருக்கிற வருசங்களில் இன்னும் அதிகம். இப்போது அந்த வருசங்கள் நடக்கின்றன. இம்புட்டு நாளும் நம்ம தலைக்கு மேலே இவ்வளவு பெரிய காரியம் சத்தமே இல்லாமல் நடந்திருக்கிறது, நாம் சீரியல் லைட் கட்டி மேளம் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அதைக் கேட்டதில் இருந்து சாயங்காலம் ஆனால் என்னால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்றும் தெரியாது. வெறும் வானம்தான். ஆனாலும் பார்க்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "அந்தக் குமிழி உருண்டையா இருக்காது தம்பி. வடக்கு தெக்கா வரப்பு மாதிரி நீளமா கெடக்கும்." நீ இருப்பது எனக்கு நேர் வடக்கே. கருமாத்தூர் வயலும் கயத்தாறு பொட்டலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. வருகிற புதன்கிழமை சாயங்காலம் ஹெலிகேமில் இருந்து விசிறிகளைக் கழற்றிவிட்டு, வயல் நடுவே ஒரு கல்லின் மேல் வை. கருவியை ஆன் செய்து, அது தன் இடம் எது என்று சொல்வதைப் பதிவுசெய். பறக்கவே வேண்டாம். நானும் இங்கே அதே நேரத்தில் அப்படியே வைக்கிறேன். மெமரி கார்டைக் கடிதத்தோடு அனுப்பு.

அழகு

*

அவனியாபுரம்
28 மார்ச் 2025

அழகு,

கார்டை உள்ளே வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே.

விசிறியைக் கழற்றி, வயல் நடுவே கிடந்த பழைய உரல் கல்லைக் கழுவி அதன் மேல் வைத்தேன். நானும் உன் மச்சானும் பத்தடி தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்தோம். பாப்பா அவர் மடியில். ரிமோட்டின் திரையில் இயந்திரம் இருக்கிற இடம் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. சூரியன் விழுகிற வரைக்கும் புள்ளி கல்லோடு கல்லாகக் கிடந்தது. கொக்கு எல்லாம் கண்மாய்ப் பக்கம் போய் அடங்கியாயிற்று. ஏழரை மணி வாக்கில் புள்ளி கிளம்பியது.

கல் அசையவில்லை. இயந்திரம் அசையவில்லை. அசைய விசிறியே கிடையாது! புள்ளி மட்டும் வரப்பைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி நடக்கிறது. நான் எழுந்துபோய் இயந்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளே அது இருக்கிறது, திரையில் அது அடுத்த வயலில் இருக்கிறது. உன் மச்சான், "ஏ நாகு, மேல பாரு"ன்னார். பார்த்தேன். நட்சத்திரம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை, காற்று இல்லை. அங்கே எதுவோ கொதிக்கிறது, அதன் ஆட்டம் என் கைக்குள் வந்து தெரிகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் அருள் வந்தவர்கள் முன்னால் நிற்கிறபோது வருமே, அப்படி. பாப்பா மட்டும் "மாமா ஹெலிகாப்டர் நடக்குது"ன்னு கையைத் தட்டினாள்.

உன்னுடையது எப்படி வந்தது? அதே நேரமா? சீக்கிரம் எழுது.

நாகஜோதி

*

கயத்தாறு
2 ஏப்ரல் 2025

அக்கா,

உன் கார்டையும் என் கார்டையும் தமிழ்ச்செல்வியின் மடிக்கணினியில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

உன் புள்ளி கிளம்பிய அதே நேரத்தில் என் புள்ளியும் கிளம்பியிருக்கிறது. உன்னுடையது அடங்கியபோது இதுவும் அடங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்திருக்கிறது, அதுவும் இரண்டிலும். நடந்த பாதை வேறுதான், ஆனால் துடித்த நேரம் ஒன்று. நடுவே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று எத்தனை ஊர் கிடக்கிறது! அத்தனைக்கும் மேலே ஒரே குமிழி வரப்பு மாதிரி நீண்டு கிடந்து, உன்னையும் என்னையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டுக் கிழக்கே போயிருக்கிறது. தமிழ்ச்செல்வி இரண்டு கோட்டையும் திரையில் விரலால் தடவிப் பார்த்தார். "படிச்சிருக்கேன் தம்பி, இப்படி ஜோடியாப் பாத்ததில்ல" என்றார்.

நாம் பேசாமல் இருந்த இந்த நாட்களில் எத்தனை சாயங்காலம் அது நம் இரண்டு பேர் தலைக்கும் மேலே போயிருக்கும் என்று நினைத்தேன். வேறு என்ன எழுத?

காது குத்துக்கு வா என்று நீ எழுதவில்லை. எழுதினாலும் எப்படி வருவேன் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அது பெரிது. ஆனால் கூட்டத்தில் நீ கேட்ட கேள்வி இன்னும் அந்தக் கூட்டத்தில்தான் கிடக்கிறது. அவர்கள் எல்லோரும்தான் விழாவுக்கு வருவார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. கோபத்தில் சொல்லவில்லை அக்கா. உள்ளதைச் சொல்கிறேன்.

இனிமேல் சாயங்கால வேலைக்கு ஜிபிஎஸ்ஸை நம்பி விரலை எடுக்காதீர்கள். உயரம் மட்டும் பிடிக்கிற மோடில் போட்டு, மச்சானைக் கையாலேயே நிறுத்தச் சொல்லு.

அழகு

*

அவனியாபுரம்
8 ஏப்ரல் 2025

தம்பி,

உன் கடிதம் வந்த அன்றைக்கே செக்கானூரணிக்குப் போனேன். முத்திருளன் வீட்டுக்குப் போய், "உங்க மண்டபத்து வாசல் எனக்கு ஒரு சாயங்காலம் வேணும்ணே. அன்னைக்கு இருந்த ஆளுகளையும் கூப்புடுங்க"ன்னு சொன்னேன். எதுக்கும்மா என்றார். என் தம்பி மேல் நான் போட்ட பழியை எடுக்க வேண்டும் என்றேன். மனுசன் அங்கேயே உட்கார்ந்து போன் போட ஆரம்பித்துவிட்டார்.

அதே அலங்கார வளைவு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, விசிறி இல்லாத ஹெலிகேமை வைத்தேன். மண்டபத்து டிவியை வாசலுக்கு இழுத்து, புள்ளி பெரிதாகத் தெரிகிற மாதிரி மாட்டினேன். கூட்டம் சேர்ந்தது. முதல் நாள் வானம் என் மானத்தை வாங்கிவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை, அழகு! புள்ளி கிணற்றுக்கல் மாதிரி கிடக்கிறது. டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். "தம்பிக்காக அக்கா வித்தை காட்ட வந்திருக்கு"ன்னு ஒருத்தன் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, நாளைக்கும் வருகிறேன் என்றேன்.

மறுநாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் புள்ளி கிளம்பியது. நாற்காலியில் இருந்து இறங்கி, வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்த்த கடைக்குள் போய் நின்றது. ஹெலிகேம் நாற்காலியிலேயே இருக்கிறது. முத்திருளன் எழுந்துவந்து அடியில் கயிறு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து மேலே பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி முந்தானையால் பிள்ளையின் தலையை மூடினாள். முதல் நாள் சிரித்தவன் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தான்.

அப்போதுதான் சொன்னேன். நல்லா சத்தமாச் சொன்னேன். "என் தம்பி அன்னைக்குக் குடிக்கல. அவன் கை அதுமேல இல்ல. நான்தான் விசாரிக்காம வாய்க்கு வந்ததச் சொன்னேன்." உன் மச்சான் தழும்பைத் தடவிக்கொண்டு, "எனக்கு இந்த மொய் வச்சது வானம்யா, எம் மாப்ள இல்ல"ன்னார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. முத்திருளன் உன் போன் நம்பரைக் கேட்டார். கொடுக்கவில்லை. வருவான், நேரில் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்ட கேள்வி அந்தக் கூட்டத்தில் இனிமேல் இல்லை, தம்பி.

உன் நம்பரில் போட்டிருந்த பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அப்புறம் யார் சமையல்காரனிடம் பேசுவது?

சித்திரை நாலு, காலையில் காது குத்து. அந்த நேரத்தில் மேலே எல்லாம் அடங்கியிருக்கும். ஹெலிகேம் ஆணியடித்த மாதிரி நிற்கும், அதை உன் மச்சான் பார்த்துக்கொள்வார். நீ மடியை மட்டும் கொண்டு வா. பாப்பா அதில் உட்கார்ந்த பிறகுதான் என் கையில் இருக்கிற காப்பு கழலும்.

அக்கா